ஆர்செனல் சட்டை போடாத ஆர்செனல்காரர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜப்பான் முன்கள வீரர் தகுமா அசானோ 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோலைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். எட்டு வரிதான். அதற்கு ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம், பாணஸ்வாடி என்று பெங்களூரின் பந்து உதைக்கும் பேட்டைகளிலிருந்தெல்லாம் கேள்விகள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுக்க அசானோதான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

அசானோவை 2016-ல் ஆர்செனல் வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். நான் பல வருடமாக ஆர்செனல் ரசிகன். அவர் ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்த நினைவு இல்லை. தப்பாக அச்சாகிவிட்டதா?
– ரா.செ., ஆஸ்டின் டவுன்

அச்சுப் பிழை இல்லை. 2016 ஜூலையில் ஜப்பானின் சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா கிளப்பிடமிருந்து லண்டன் கிளப்பான ஆர்செனல் அவரை வாங்கியது உண்மை. 2019 வரை அவர் ஆர்செனலின் ஆள் என்பதும் உண்மை. ஆர்செனலுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை என்பதும் உண்மை. காலில் கோளாறு இல்லை, காகிதத்தில்தான்.

வீரரும் கிளப்பும் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தம், அவ்வளவுதான். மைதானத்தில் இறங்க வேலை அனுமதி தனியாக வேண்டும், லீகில் பதிவு தனியாக வேண்டும். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வருபவருக்கு அப்போது இங்கிலாந்தில் இருந்த விதி இது: அவருடைய நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 10-க்குள் இருந்தால், கடந்த 24 மாதங்களில் அந்த நாடு ஆடிய போட்டிகளில் 30 சதவீதத்தில் அவர் ஆடியிருக்க வேண்டும். 11 முதல் 20 வரை என்றால் 45 சதவீதம். 21 முதல் 30 வரை 60. 31 முதல் 50 வரை 75. நட்பு ஆட்டங்கள் கணக்கில் சேராது. 50-க்குக் கீழே உள்ள நாட்டுக்காரருக்கு இந்தக் கதவே கிடையாது, விதிவிலக்குக் குழுவிடம் போய் நிற்க வேண்டியதுதான். அந்தக் குழு பார்ப்பது மாற்றுத் தொகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, எந்த லீகில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைத்தான்.

அசானோவுக்கு அப்போது வயது 21. தேசிய அணியில் அறிமுகமாகி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜப்பான் அந்தக் கோடையில் 50-க்கு வெளியே இருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிளப்புக்குக் கடன் வீரராக, அதாவது தற்காலிகமாக ஆட அனுப்பினார்கள். இரண்டு சீசன் அங்கே, அடுத்தது ஹானோவரில், அதோடு ஒப்பந்தக் காலமே முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

2021 ஜனவரி முதல் இங்கிலாந்து விதி வேறு: 15 புள்ளி எடுத்தால் அனுமதி. நாட்டுக்காக ஆடியது, லீகின் தரம், கிளப்பில் ஆடிய நிமிடங்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஜப்பான் வீரர்கள் இப்போது அங்கே நிறையப் பேர் தெரிவதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

இங்கிலாந்து உள்ளே விடாதவரை ஜெர்மனி மட்டும் எப்படி விட்டது?
– ஜெ.ம., மர்ஃபி டவுன்

ஜெர்மன் லீகில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு 2006-07 சீசனோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக, உள்ளூரில் பயிற்சி பெற்று வளர்ந்த வீரர்கள் குறைந்தது 8 பேர் அணியில் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து இத்தனை பேர்தான் வரலாம் என்ற கணக்கு அதன் பிறகு கிடையாது. ஜப்பான் வீரர்கள் கூட்டம் கூட்டமாக ஜெர்மனிக்குப் போனதற்குப் பாசம் ஒன்றும் காரணமில்லை, இந்த விதிதான். ஸ்பெயினில் அப்படி இல்லை, அங்கே வெளியாள் இடம் 3 மட்டுமே. 2024-ல் அசானோ மயோர்காவுக்குப் போனபோது அந்த மூன்றில் ஒன்றை அவருக்காக ஒதுக்கினார்கள் என்று பொருள்.

தகுமா என்பது அப்பா பெயரா, அசானோ என்பது அப்பா பெயரா? டிவியில் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.
– சு., அல்சூர்

இரண்டுமே அப்பா பெயர் இல்லை. அசானோ குடும்பப் பெயர், தகுமா அவர் பெயர். ஜப்பானில் 'அசானோ தகுமா' என்றே சொல்வார்கள். நம் இனிஷியல் முன்னால் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஜே லீக் ஸ்கோர் பட்டியலில் 'யூயா அசானோ' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அவர் தம்பி. அந்த வீட்டில் மொத்தம் ஏழு பிள்ளைகள்.

ஜெர்மனிக்கு அடித்த கோலை எங்கள் பையன்களுக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் அந்தக் கடைசி ஷாட்டைத்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதற்கு முன்னால் பந்தை அடக்கியதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா?
– கௌதமபுரம் பயிற்சியாளர் ஒருவர்

உங்கள் கண் சரியான இடத்தில் நின்றிருக்கிறது. 83-வது நிமிடம். டிஃபெண்டர் கோ இடாகுரா தன் பக்கத்துப் பாதியிலிருந்து ஃப்ரீ கிக்கைத் தூக்கி அடிக்கிறார். அசானோ வலது ஓரம். அடிப்பதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிட்டது. ஃப்ரீ கிக்குக்கு ஆஃப்சைடு உண்டு, கோல் கிக், த்ரோ-இன், கார்னருக்குத்தான் கிடையாது. ஜெர்மனியின் மற்ற டிஃபெண்டர்கள் மேலேறி நிற்க, ஸ்யூலே மட்டும் ஓரடி பின்தங்கியதால் கோடு அசானோவுக்குச் சாதகமாகிவிட்டது. தோளுக்கு மேலாக வந்த பந்தை ஓட்டத்தை நிறுத்தாமல் வலது காலில் வாங்கினார். பந்து காலடியில் செத்து விழவில்லை, ஓடுகிற திசையிலேயே முன்னால் போய் உட்கார்ந்தது. துரத்திவந்த ஷ்லாட்டர்பெக்குக்கும் பந்துக்கும் நடுவே அசானோவின் உடம்பு. மீதி உங்களுக்குத் தெரியும்.

கற்றுக்கொடுக்கலாம். வேண்டியது ஆறு கோன், நாலு பந்து, தூக்கி அடிக்கத் தெரிந்த ஒருவர்.

பந்து அடிப்பவரை 35 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஓடுபவர் முன்னால் இரண்டு கோன் வைத்து அதை ஆஃப்சைடு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபவர் நேராக ஓடக் கூடாது. கோட்டுக்கு இணையாக நாலைந்து அடி பக்கவாட்டில் ஓடி, அடிப்பவரின் கால் பின்னால் போகும்போது வளைந்து உள்ளே பாய வேண்டும். நேராக நின்று பாய்ந்தால் ஒன்று ஆஃப்சைடு, இல்லையென்றால் வேகம் எடுப்பதற்குள் பந்து போய்விடும். பந்து எங்கே வருகிறது என்று ஒரு பார்வை, ஓட்டத்துக்கு இரண்டு மூன்று எட்டு, மறுபடி ஒரு பார்வை. பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடினால் வேகம் பாதியாகிவிடும். முதல் வாரம் எல்லாப் பையன்களும் செய்கிற தப்பு இதுதான்.

வாங்கும்போது கணுக்காலை விறைப்பாக வைக்கக் கூடாது, பாதத்தின் மேல்புறத்தைப் பந்து இறங்கும் வேகத்துக்கே கீழே இறக்க வேண்டும். பந்து ஒன்றரை இரண்டு மீட்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். அரை மீட்டரில் நின்றால் அடுத்த எட்டில் பந்தின்மேல் மிதிப்பார்கள், மூன்று மீட்டர் போனால் கோல்கீப்பர் வெளியே வந்து எடுத்துவிடுவார். இந்த இடத்தில் கோனால் ஒரு சின்னக் கட்டம் போட்டு, முதல் தொடுகையில் பந்து அதற்குள் விழுந்தால்தான் கணக்கு என்று வையுங்கள். அடுத்த எட்டு டிஃபெண்டரின் பாதையைக் குறுக்கே வெட்ட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பந்தை நன்றாக வாங்கிவிட்டு, டிஃபெண்டர் பக்கத்திலேயே வர இடம் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் டிஃபெண்டர் இல்லாமல் வலப்பக்கம் 12, இடப்பக்கம் 12. பிறகு இரண்டு மீட்டர் பின்னால் ஒருவரை நிறுத்தித் துரத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு கட்டாயம். மூச்சு வாங்கிக்கொண்டே செய்தால் அது வேறு பயிற்சி, தொடுகை கெட்டுப்போகும்.

இன்னொன்று பந்தின் காற்று. 5-ம் நம்பர் பந்துக்கு விதிப்படி 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். நம் ஊர்ச் செம்மண் கிரவுண்டில் 9-க்கு மேல் போனால் பந்து ரப்பர் பந்து மாதிரி எகிறும். பையனின் காலைத் திட்டுவதற்கு முன் பம்பை எடுத்து அளந்து பாருங்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 4-ம் நம்பர் பந்தே போதும்.

அந்தச் சின்ன கோணத்திலிருந்து அருகு போஸ்டில் அடித்தாரே, நாங்களும் அப்படி அடிக்கலாமா? கோச் 'தூர போஸ்டில் தாழ்வாக அடி' என்கிறார்.
– 9-ம் வகுப்பு மாணவர், விவேக்நகர்

கோச் சொல்வதைக் கேள் தம்பி. தூர போஸ்டுக்குத் தாழ்வாக அடித்தால் கோல்கீப்பர் தட்டிவிட்டாலும் பந்து நடுவில் வரும், உன் ஆள் இன்னொருவன் தள்ளிவிடலாம். அருகு போஸ்டில் மேலே அடித்துத் தவறினால் கோல் கிக், அவ்வளவுதான். கோலின் உயரம் 2.44 மீட்டர். ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் போன்ற ஆள் கையை விரித்து நின்றால் தலைக்கும் பாருக்கும் நடுவே மிச்சமிருப்பது ஒரு கீற்று. அசானோவுக்கு அங்கே வேறு வழி இல்லை. தூர போஸ்டுப் பக்கத்தை ஷ்லாட்டர்பெக்கும் நோயரும் சேர்ந்து அடைத்துவிட்டார்கள், காலைப் பின்னால் இழுக்க நேரமும் இல்லை. ஆகவே கோல்கீப்பர் எதிர்பார்க்காத இடத்தில், எதிர்பார்க்காத நொடியில் அடித்தார். பத்து முறை அடித்தால் எத்தனை உள்ளே போகும் என்று அவரிடமே கேட்டாலும் பெரிய எண்ணாக வராது. 20 முறை தூர போஸ்டு பழகிய பிறகு 5 முறை இதைப் பழகு.

என் மகன் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான். ஸ்கூல் டீமில் ஆடுகிறான். 'ஸ்கூல் ஃபுட்பாலில் ஒன்றும் வராது, அகாடமிக்கு அனுப்புங்கள்' என்கிறார்கள். அசானோ அகாடமிப் பிள்ளையா?
– ஓர் அம்மா, பாணஸ்வாடி

இல்லை அம்மா, ஸ்கூல் பிள்ளைதான். மியே மாநிலத்தில் கொமோனோ என்ற ஊரில் 1994 நவம்பர் 10-ல் பிறந்தவர். படித்தது யொக்கைச்சி சூவோ கோக்யோ, அதாவது ஒரு தொழிற்கல்வி மேல்நிலைப்பள்ளி. அந்தப் பள்ளி கால்பந்துக்குப் பேர் போனது.

ஜப்பானில் பள்ளிக் கால்பந்து என்பது நம் ஊர் இண்டர்-ஸ்கூல் மாதிரி இல்லை. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை தேசியப் போட்டி நடக்கும். 47 மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு பள்ளி, டோக்கியோவுக்கு மட்டும் இரண்டு, மொத்தம் 48. தோற்றால் வீட்டுக்குத்தான். பைனல் டோக்கியோ தேசிய மைதானத்தில், டிவியில் நாடே பார்க்கும். 2011-12-ல் நடந்த 90-வது போட்டியில் அசானோ இரண்டாம் ஆண்டு மாணவர். 7 கோல் அடித்து முதலிடம். பைனலில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டும், கூடுதல் நேரத்தில் இச்சிஃபுனா என்ற பள்ளியிடம் 2-1 என்று அவர் பள்ளி தோற்றது. ஒரே தொடரில் அதிக கோல் என்ற சாதனை யூயா ஒசாகோவுடையது: 2008-09-ல் ககோஷிமா ஜோசெய் பள்ளிக்காக 10.

ஆனால் ஸ்கூலில் கோல் மழை பொழிந்தவர் 2013-ல் ஹிரோஷிமாவில் சேர்ந்ததும் நேராக மைதானத்துக்குப் போகவில்லை. முதல் இரண்டு சீசனும் பெரும்பாலும் பெஞ்சுதான். அந்த இரண்டு வருடத்தைத் தாங்கிய பிறகுதான் 2015 வந்தது: லீகில் 8 கோல், சிறந்த இளம் வீரர் விருது, அணிக்குச் சாம்பியன் பட்டம்.

உங்கள் மகன் விஷயத்தில் ஸ்கூலா அகாடமியா என்று பார்க்க வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி, வருடத்துக்கு எத்தனை நிஜ மேட்ச் என்று கேளுங்கள். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு வருடத்துக்கு ஆறு மேட்ச் காட்டும் அகாடமியைவிட, இருபது மேட்ச் ஆடும் ஸ்கூல் டீம் மேல். அப்புறம், எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை எழுதிவிடட்டும்.

எங்கள் கிளப்பில் வளர்ந்த பையன் பெரிய டீமுக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனால் எங்களுக்கு ஏதாவது காசு வருமா? அசானோவின் பள்ளிக்கு வந்திருக்குமா?
– ஒரு கிளப் செயலாளர், பெங்களூரு

விதிப்படி பங்கு உண்டு. ஃபிஃபாவின் ஒருமைப்பாட்டுத் தொகை என்பது இதுதான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே ஒருவரை வேறு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிடித்து, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஜப்பானில் சங்கத்தில் பதிவான பள்ளி அணிகளும் இந்தக் கணக்கில் வரும்.

உதாரணத்துக்கு ஒரு வீரர் 10 லட்சம் யூரோவுக்கு விற்கப்படுகிறார். 16, 17, 18 மூன்று வயதும் உங்கள் கிளப்பில் இருந்தார். உங்கள் பங்கு 1.5 சதவீதம், அதாவது 15,000 யூரோ. நம் ஊரில் ஒரு கிளப்புக்கு இரண்டு மூன்று வருடச் செலவு ஓடிவிடும். கடன் வீரராகப் போகும்போது கட்டணம் வாங்கினாலும் இதே கணக்குதான். ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனால் ஒன்றும் கிடையாது. இது போக, முதல் தொழில்முறை ஒப்பந்தத்துக்குப் பயிற்சி இழப்பீடு என்று தனியே ஒன்று இருக்கிறது.

பணம் எங்கே தவறுகிறது என்றால், பதிவில். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் பையன் பெயர் உங்கள் கிளப்பின் பேரில் ஒவ்வொரு சீசனும் ஏறியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் வருகைப் பதிவும், டோர்னமெண்ட் போட்டோவும் செல்லாது. ஒரு சீசன் புதுப்பிக்க மறந்தால் அந்த வருடப் பங்கு போயிற்று. பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் ஆதாரில், பள்ளிச் சான்றிதழில், பதிவில் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். 'முருகன்' ஓரிடத்தில் 'முருகேசன்' ஆனால் வீரர் பாஸ்போர்ட்டில், அதாவது எந்தெந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்ற ஆவணத்தில், அவர் இரண்டு ஆள். 2022 நவம்பர் முதல் இந்தப் பட்டுவாடா ஃபிஃபாவின் தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) வழியாகத்தான் நடக்கிறது. அது பதிவைத்தான் நம்பும், செயலாளரின் வார்த்தையை அல்ல.

உலகக் கோப்பைக்கு முன்னால் அவருக்கு முழங்கால் அடி என்கிறார்கள். எனக்கும் முழங்காலில் அடி. எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார்?
– பி.ஆ., காக்ஸ் டவுன்

2022 செப்டம்பர் 10-ல் போஹும் என்ற ஜெர்மன் அணிக்காக ஷால்க்கேவுடன் ஆடும்போது வலது முழங்காலின் உட்பக்கத் தசைநார் போனது. ஜெர்மனி ஆட்டம் நவம்பர் 23. நடுவில் 74 நாள். பந்தை அனுப்பிய இடாகுராவும் அதே செப்டம்பரில் முழங்கால் அடிபட்டு மீண்டு வந்தவர்தான். இருவரும் நவம்பர் 17-ல் துபாயில் கனடாவுடன் நடந்த நட்பு ஆட்டத்தில் இறங்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

சீக்கிரம் வர முடிந்ததற்குக் காரணம் அறுந்த இடம். உட்பக்கத் தசைநாருக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் பெரும்பாலும் அறுவை இல்லாமல், பட்டை போட்டுப் படிப்படியாக வேலை கொடுத்தாலே ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்தால் கதை வேறு, ஒன்பது மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு எது என்று ஸ்கேன் பார்த்து எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். திரும்பி வரும் வரிசை இதுதான்: வீக்கம் முழுக்க இறங்கி, முழங்கால் முழுதாக மடங்கி நீண்ட பிறகு நேர் ஓட்டம். நேர் ஓட்டத்தில் வலி இல்லாத பிறகு ஒற்றைக்கால் தாவல். இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாண்டிய பிறகு வெட்டித் திரும்புதல். கடைசியில்தான் மோதல் உள்ள ஆட்டம். நம் ஆட்கள் நேர் ஓட்டம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் ஆட்டத்தில் இறங்கி மறுபடி படுத்துக்கொள்கிறார்கள்.

ஹானோவரில் 13 லீக் ஆட்டம் ஒரு கோல் இல்லை. போஹுமில் முதல் சீசன் 3 கோல். இவரை ஃபார்வர்ட் என்பதே அதிகம் இல்லையா?
– தே.வி., ஃப்ரேசர் டவுன்

கோல் கணக்கை மட்டும் வைத்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குனிஷிகே கமாமோட்டோ ஜப்பானுக்கு 76 ஆட்டத்தில் 75 கோல், கஸுயோஷி மியூரா 89-ல் 55, ஷின்ஜி ஒகாஸாகி 119-ல் 50. அந்த வரிசையில் அசானோவுக்கு இடம் இல்லை. 90 நிமிடம் நடுவில் நின்று கோல் தேடும் ஆளாக அவர் சராசரிதான். 2020-21-ல் செர்பியாவின் பார்ட்டிசானுக்கு லீகில் 18 கோல் அடித்தது தவிர, பெரிய எண் எதுவும் இல்லை.

ஆனால் கடைசி அரை மணி நேரத்துக்கு ஆள் கேட்டால் நான் அவரைத்தான் எடுப்பேன். கணக்கைப் பாருங்கள். 2015 டிசம்பர் 5, ஜே லீக் சாம்பியன்ஷிப் இரண்டாம் ஆட்டம், காம்பா ஒசாகா முன்னிலை. மாற்று வீரராக இறங்கி 76-வது நிமிடத்தில் சமன் செய்கிறார். 2016 ஜனவரி 30, தோஹா, 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை பைனல், தென் கொரியா 2-0. 60-வது நிமிடம் இறங்கி 67-ல் ஒன்று, 81-ல் ஒன்று, ஜப்பான் 3-2. 2022 நவம்பர் 23, மறுபடி கத்தார், ஜெர்மனி 1-0. 57-வது நிமிடம் மாயேதாவுக்குப் பதிலாக இறங்கி 83-ல் வெற்றி கோல்.

இது தற்செயல் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணியின் டிஃபெண்டர்கள் எழுபதாவது நிமிடத்தில் கால் கனத்து, ஆனாலும் கோட்டை மேலேயே வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் முப்பது நாற்பது மீட்டர் காலி. வேகம்தான் அசானோவின் கைமுதல். அதைச் செலவழிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எதிரணி பின்னால் குவிந்து நின்றால் அதே அசானோ காணாமல் போய்விடுவார்.

ஒகாஸாகியையும் இப்படித்தான் பலர் குறைத்துச் சொன்னார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் சாம்பியனான 2015-16-ல் 36 லீக் ஆட்டம், 5 கோல். எதிரணி பந்தை நிம்மதியாக வெளியே எடுக்க விடாமல் துரத்துவதுதான் அவர் வேலை. சக முன்கள வீரர் வார்டி ஓடுவதற்கு இடம் அங்கேதான் பிறந்தது. அதே ஒகாஸாகி 2019-ல் ஸ்பெயினின் மலாகாவில் கையெழுத்துப் போட்டும், சம்பள வரம்பு இடிக்க, கிளப்பால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. வெஸ்காவுக்குப் போய் 12 கோல் அடித்து அந்த அணியை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். காகிதம் பெரியவர்களையும் விடுவதில்லை.

பார்ட்டிசானில் 18 கோல் அடித்துவிட்டுப் பாதியில் ஏன் கிளம்பினார்?
– ம., டேவிஸ் ரோடு

2021 மே மாதம் அவராகவே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். சம்பளம் சரியாக வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம், கிளப் அதை ஏற்கவில்லை. வழக்கின் உள்விவகாரம் நமக்கு வேண்டாம். விதி நம் பையன்களுக்குத் தேவை: குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள்ளும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு முறிக்கலாம். நோட்டீஸ் இல்லாமல் கோபத்தில் ஊருக்குக் கிளம்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள், நஷ்ட ஈடும் உங்கள் தலையில். பேங்க் ஸ்டேட்மெண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மேனேஜரிடம் போனில் கேட்டேன் என்பது சாட்சியம் ஆகாது.

ஜப்பான்காரர் யாராவது இந்தியாவுக்கு ஆடியிருக்கிறாரா?
– கோ., ஜீவன்பீமா நகர்

இஸுமி அராத்தா. ஷிமொனோசெகியில் பிறந்தவர், இந்தியத் தந்தை, ஜப்பானியத் தாய். 2006-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார், பிறகு மும்பை மஹிந்திரா யுனைடெட், புனே. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது, இரட்டைக் குடியுரிமை இரு நாட்டிலும் கிடையாது. ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2012-ல் இந்தியர் ஆனார். அப்படிக் குடியுரிமை மாற்றி இந்திய அணிக்கு ஆடிய முதல் ஆள் அவர். பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொரு ஜப்பானியரும் ஞாபகம் இருக்க வேண்டும்: கட்சுமி யூஸா. 2015 மே 31, கண்டீரவா மைதானம், ஐ-லீக் கடைசி ஆட்டம், 87-வது நிமிடத்தில் பெல்லோ ரசாக் சமன் செய்ய, நம் கண் முன்னாலேயே கோப்பையைக் கொண்டுபோன மோகன் பகான் அணியில் இருந்தவர்.

ஜப்பானை நாம் எப்போதாவது ஜெயித்திருக்கிறோமா, அல்லது கேட்கவே கூடாதா?
– ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. ஊழியர், துரவாணி நகர்

தாராளமாகக் கேட்கலாம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, இந்தியா 2, ஜப்பான் 0. பி.கே. பானர்ஜியும் பலராமும் அடித்தார்கள். அந்தத் தங்கப் பதக்க அணியில் நம் பெங்களூர் அருமைநாயகமும் உண்டு. ஜப்பான் அதற்கு இரண்டு வருடம் முன்பே மேற்கு ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமரைப் பயிற்சிக்கு வரவழைத்திருந்தது. 1965-ல் தேசிய லீக் தொடங்கியது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம், கமாமோட்டோ 7 கோல் அடித்து முதலிடம். நாம் அந்த ஆறு வருடத்தில் என்ன செய்தோம் என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள், பக்கம் போதாது.

ஜப்பான் கோச் மொரியாசு அசானோவுக்கு வேண்டியவர் என்று சொல்கிறார்களே?
– அ., சிவாஜிநகர்

ஹிரோஷிமாவில் அசானோ இருந்த காலம் முழுக்கப் பயிற்சியாளர் மொரியாசுதான். அவரை எந்த நிமிடத்தில் இறக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டதே அங்கேதான். 2018 உலகக் கோப்பைக்கு வேறு பயிற்சியாளர் இருந்தார். தகுதிச்சுற்றில் 2017 ஆகஸ்ட் 31-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் கோல் போட்டு இடத்தை உறுதிசெய்த அசானோ, 23 பேர் பட்டியலில் இல்லை. தோஹா மொரியாசுவுக்கும் புதிய ஊர் இல்லை. 1993 அக்டோபர் 28-ல் அங்கே ஈராக் கடைசி நேரத்தில் சமன் செய்து ஜப்பானின் உலகக் கோப்பை வாய்ப்பைப் பறித்த ஆட்டத்தில், அவர் மைதானத்தில் நின்ற வீரர்.

கோல் போட்டதும் அசானோ மாதிரி இரண்டு கையையும் நகம் போல் வைத்து ஜாகுவார் போஸ் கொடுத்தேன். ரெஃப்ரீ எச்சரித்தார். மஞ்சள் அட்டை உண்டா?
– 16 வயதுக்குட்பட்டோர் அணி வீரர், நீலசந்திரா

போஸுக்கு அட்டை கிடையாது. எதிரணி முகத்துக்கு நேராகப் போய்ச் சீண்டுவது போல் செய்தால், நேரத்தை இழுத்தால், வேலி ஏறினால், முகமூடி போட்டால், சட்டையைக் கழற்றினால் உண்டு. சட்டையைக் கழற்றிய பிறகு கோல் ஆஃப்சைடு என்று ரத்தானாலும் மஞ்சள் அட்டை ரத்தாகாது.